மூன்றாம் லேனிலிருந்து வரும் கையெழுத்து

அமெரிக்கச் சிறுநகரங்களின் வங்கிக் கிளைகளில், கட்டடத்தின் ஒரு பக்கத்திலிருந்து தூண்களின் மேல் ஒரு கூரை நீண்டிருக்கும். அதன் அடியில் நான்கைந்து கார்கள் பக்கம் பக்கமாக வந்து நிற்கலாம். காரை விட்டு இறங்காமலே பணம் போடவும் எடுக்கவும் வருகிறவர்களுக்கான லேன்கள் அவை. மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள புறநகர் ஒன்றில், அப்படிப்பட்ட கிளையில் காசாளராகச் சேர்ந்தேன். பிறகு பல கிளைகளின் லேன்களில் உள்ள கருவிகளைக் கவனிக்கும் பொறுப்புக்கு வந்தேன். இத்தனை ஆண்டுகளில் நான் பணத்தை எண்ணியதைவிடக் கையெழுத்தைப் பற்றி யோசித்ததே அதிகம். கண்ணாடிக்கு அப்பால், முப்பது நாற்பது அடி தள்ளி, தன் காருக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் கம்பியில்லாக் கருவியை அனுப்பிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் வங்கி பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் வேலை இருந்தது.

லேன் எப்படி இயங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தை ஒட்டியிருக்கும் முதல் லேனில் தடித்த கண்ணாடி ஜன்னல் உண்டு. அதன் கீழே ஓர் இழுப்பறை வெளியே நீளும், உள்ளே வரும். காசாளரும் வாடிக்கையாளரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். இரண்டாம் லேனிலிருந்து கடைசி லேன் வரை காற்றுக் குழாய்தான். தடித்த பிளாஸ்டிக் உருளை ஒன்றை நாங்கள் கேரியர் என்போம். வாடிக்கையாளர் காசோலையையோ பணத்தையோ அதில் வைத்துப் பொத்தானை அழுத்தினால், காற்றுமோட்டார் அதை உறிஞ்சிக் கூரைக்கு மேலாக எங்கள் மேசைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். பேச்சுக்கு மைக்கும் ஸ்பீக்கரும். முகத்துக்குக் கேமராவும் சிறிய திரையும். ஒரே காசாளர் மூன்று லேன்களை மாற்றி மாற்றிப் பார்ப்பார்.

இந்த ஏற்பாடு கார் யுகத்தோடு வளர்ந்தது. 1946-இல் சிகாகோவின் எக்ஸ்சேஞ்ச் நேஷனல் வங்கி, குண்டு துளைக்காத கண்ணாடியும் நகரும் இழுப்பறையும் கொண்ட பத்துக் கார் ஜன்னல்களைத் திறந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் நாடெங்கும் புறநகர்கள் பெருக, வங்கிகளும் கூடவே லேன்களைக் கட்டின. கார் தொழிற்சாலைகளின் ஊரான டெட்ராய்ட் பகுதியில் லேன் இல்லாத கிளையை மக்கள் கிளையாகவே கருதமாட்டார்கள். சம்பள நாளில் ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளி, பின் இருக்கையில் தூங்கும் குழந்தையோடு வரும் தாய், இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து நடக்க முடியாமல் இருக்கும் பெரியவர் என்று லேனுக்கு வருகிற பெரும்பாலோருக்கு இறங்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும். அதனால் லேனைச் சோம்பேறிகளின் வசதி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கையெழுத்து வாங்கும் கம்பியில்லாப் பேடுகள் வருவதற்கு முன்னால் எல்லாம் காகிதம். பணம் எடுக்கும் சீட்டும் பேனாவும் கேரியரில் போகும். வாடிக்கையாளர் தொடைமேல் வைத்தோ ஸ்டியரிங்மேல் வைத்தோ நிரப்பி அனுப்புவார். கையெழுத்து விட்டுப்போயிருக்கும், தேதி இருக்காது, தொகை எண்ணில் ஒன்றும் எழுத்தில் இன்னொன்றுமாக இருக்கும். சீட்டு திரும்பப் போகும், திரும்ப வரும். பின்னால் நிற்கும் கார்களில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். பனி கொட்டும் நாளில் ஜன்னலைத் திறந்துவைத்து எழுதுகிறவரின் விரல் விறைக்கும், சீட்டு நனையும், மை கசியும். மாலையில் கணக்கு முடித்தபின் அத்தனை சீட்டுகளையும் வரிசைப்படுத்திக் கட்டி வைக்க வேண்டும்.

காகிதத்தை விடுவதற்கு முதலில் சட்டம் வழிவிட்டது. மின்னணுக் கையெழுத்துக்கு நாடு தழுவிய அங்கீகாரம் தந்த ஈசைன் சட்டத்தில் ஜனாதிபதி கிளின்டன் 2000 ஜூன் 30 அன்று ஃபிலடெல்பியாவில் கையெழுத்திட்டார். முதலில் பேனாவால், பிறகு ஸ்மார்ட் கார்டைக் கொண்டு கணினியில். அதே ஆண்டில் மிச்சிகனும் தனக்கான சீரான மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தை இயற்றியது. அடுத்தது காசோலை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானங்கள் சில நாட்கள் தரையில் நின்றபோது, ஊர் ஊராகப் பறந்துகொண்டிருந்த காசோலைக் கட்டுகளும் நின்றுபோயின. அந்த அனுபவம் ‘செக் 21’ சட்டத்தைத் துரிதப்படுத்தியது. 2004 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தபின், காசோலையின் படத்திலிருந்து எடுத்த அச்சுப் பிரதியே மூலக் காசோலைக்குச் சமம் என்றானது. வங்கிகளின் பின்னறைகள் படத்தை நம்பி இயங்கத் தொடங்கின. பின்னறை முழுவதும் படமாகிவிட்ட பிறகு, முன்னறையில் மட்டும் காகிதச் சீட்டை எழுதவைத்து, அதையும் படமெடுத்து, பிறகு கிழித்துப் போடுவதில் அர்த்தம் இல்லை. கையெழுத்தை நேராகவே மின்னணுவாக வாங்கலாம் என்று எங்கள் நிர்வாகமும் முடிவு செய்தது.

ஈசைன் சட்டமும் மிச்சிகன் சட்டமும் மின்னணுக் கையெழுத்துக்குத் தரும் விளக்கத்தைப் பயிற்சி வகுப்பில் படித்தபோது என் மனதில் அது அப்படியே தங்கிவிட்டது. ஓர் ஒலியோ குறியோ செயலோ இருக்க வேண்டும். அது ஒரு குறிப்பிட்ட பதிவோடு பிணைந்திருக்க வேண்டும். கையெழுத்திடும் எண்ணத்தோடு ஒருவர் அதைச் செய்திருக்க வேண்டும். குறி, பிணைப்பு, எண்ணம். கருவி விற்க வந்தவர்கள் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசினார்கள். கோடு எவ்வளவு வழவழப்பாக வருகிறது, திரை எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்று காட்டினார்கள். லேனில் வேலை செய்து பார்த்த எனக்கு மற்ற இரண்டும்தான் கடினம் என்று தெரிந்திருந்தது.

குறியை வாங்கும் தொழில்நுட்பம் உண்மையிலேயே அருமையானது. பேடுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மேற்பரப்பு இரண்டு மெல்லிய அடுக்குகளாக இருக்கும். பேனா அழுத்தும் இடத்தில் அடுக்குகள் தொட்டுக்கொள்ள, மின்னழுத்தத்தைக் கொண்டு இடம் கணக்கிடப்படும். இன்னொன்றில் திரைக்குப் பின்னால் உள்ள தகடு காந்தப்புலத்தை உண்டாக்கும். பேனாவுக்குள் இருக்கும் சிறு கம்பிச்சுருள் அந்தப் புலத்திலிருந்தே சக்தி பெற்றுப் பதில் கொடுக்கும். பேனாவுக்கு பேட்டரி வேண்டாம். நல்ல பேடுகள் நொடிக்கு 200 புள்ளிகளோ அதற்கு மேலோ பதிவு செய்யும். பேனா எங்கே இருந்தது என்பதோடு எப்போது இருந்தது, சில கருவிகளில் எவ்வளவு அழுத்தத்தோடு இருந்தது என்பதும் சேரும். காகிதத்தில் காய்ந்த மையைப் பார்த்து வல்லுநர்கள் ஊகிக்க வேண்டிய வேகமும் தயக்கமும் இங்கே எண்ணாகவே கிடைக்கின்றன. இப்படிப்பட்ட கையெழுத்துத் தரவைப் பரிமாறிக்கொள்வதற்கு ஐஎஸ்ஓ 19794 தரநிலையில் தனிப் பகுதியே இருக்கிறது. ஒருவருடைய கையெழுத்தின் வடிவத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்துவிடலாம். அவர் கை ஓடும் தாளத்தை நகலெடுப்பது மிகக் கடினம்.

உள்ளே கவுன்டர்களிலும் முதல் லேனின் இழுப்பறையிலும் கம்பி இணைத்த பேடுகளை வைத்தோம். மற்ற லேன்களுக்குக் கம்பி ஒத்துவராது. தூணில் நிரந்தரமாகப் பொருத்தலாம் என்றால் மழை, பனி, சாலையில் தூவும் உப்பு எல்லாம் அதன்மேல் படும். காரின் ஜன்னல் உயரமும் ஒன்றுபோல் இருக்காது. தாழ்வான செடானிலிருந்தும் உயரமான பிக்அப் டிரக்கிலிருந்தும் ஒரே பேடை எட்ட முடியாது. ஆகவே பேடே கேரியருக்குள் ஏறிப் போகட்டும், வாடிக்கையாளர் அதைக் கையில் எடுத்துக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பட்டும் என்று தீர்மானித்தோம்.

குழாய்ப் பயணம் எந்த மின்னணுக் கருவிக்கும் சுகமானதாக இருக்காது. கேரியர் வளைவுகளில் உரசித் திரும்பும், இறங்கும் இடத்தில் இடித்து நிற்கும். பேடுக்கு அடர்ந்த ஸ்பாஞ்சில் உறை செய்தோம். உறை தடித்தால் கேரியரின் கதவு மூடாது. மெலிந்தால் திரை தாங்காது. பேனாவைத் தனியே விட்டால் அது கேரியருக்குள் உருண்டு திரையில் கீறும், இல்லையென்றால் காருக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் குட்டையான கயிறும் பேனாவுக்கு ஒரு குழியும் தேவைப்பட்டன. லேன்களில் குழந்தைகளுக்கு லாலிபாப்பும் நாய்களுக்கு பிஸ்கட்டும் அனுப்புவது இங்கே பல கிளைகளில் நெடுநாள் வழக்கம். நாய் பிஸ்கட்டின் துகள் பேடின் விளிம்பில் சிக்கியதால், அதற்கு மட்டும் தனிப் பயணம் என்று விதி வைத்தோம். வழக்கத்தை விட யாருக்கும் மனம் வரவில்லை.

கேரியரை மறந்தாற்போல் மடியில் வைத்துக்கொண்டு காரை ஓட்டிப் போய்விடுகிறவர்கள் எல்லா வங்கியிலும் உண்டு. பெரும்பாலும் அரை மணியில் வெட்கத்தோடு திரும்பி வருவார்கள். வெறும் பிளாஸ்டிக் உருளை போனால் பரவாயில்லை. பேடு போனால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குத் திருப்தியான பதில் கிடைக்கும்வரை எந்தக் கருவியையும் வாங்க நான் ஒப்பவில்லை. பேடு எந்தக் கையெழுத்தையும் தன் நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாது. பேனா நகர நகரப் புள்ளிகள் குறியாக்கம் செய்யப்பட்டுக் காசாளரின் கணினிக்குப் போய்விட வேண்டும். இணைப்பு அறுந்த மறுகணம் திரை வெறுமையாக வேண்டும். வாடிக்கையாளரின் பெயரும் தொகையும் ஓடிப்போன காரில் ஒளிர்ந்துகொண்டிருக்கக் கூடாது.

இணைப்புக்கு நாங்கள் பயன்படுத்தியது ப்ளூடூத். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது இயங்குகிறது. அதே வரிசையில் வைஃபையும் ஓடுகிறது, ஊழியர் அறையின் மைக்ரோவேவ் அடுப்பும் கசிகிறது. இந்த நெரிசலைச் சமாளிக்க ப்ளூடூத் 79 அலைத்தடங்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை வரை தாவும். சாதாரணச் சிறு கருவிகளில் உள்ள இரண்டாம் வகுப்பு ப்ளூடூத் ஏறத்தாழ 10 மீட்டர் எட்டும். முதல் வகுப்பு திறந்த வெளியில் 100 மீட்டர் வரை எட்டும். லேன் திறந்த வெளி போலத் தோன்றினாலும் அங்கே அலைகளுக்குத் தடைகள் ஏராளம். பாதுகாப்புக் கண்ணாடி, கம்பி பாய்ச்சிய கான்கிரீட், எஃகுக் கூரை, நடுவில் வந்து நிற்கும் ஆளுயர டிரக். ரிசீவரைக் காசாளரின் மேசைக்கு அடியில் வைத்தபோது கடைசி லேனில் கையெழுத்து பாதியில் அறுந்தது. ஆன்டெனாவைக் கட்டடத்துக்கு வெளியே, கூரையின் அடிப்பக்கத்தில், கார்களின் தலைக்கு மேலே கொண்டுபோனபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. வாடிக்கையாளருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் காரின் ஜன்னல் திறப்பு மட்டுமே இருக்கும்படி இடம் தேடினோம்.

எங்கள் குழாய்கள் உலோகம். பேடு உள்ளே போகும்போது இணைப்பு ஒவ்வொரு முறையும் அறும். ஆரம்பத்தில் மென்பொருள் அதைக் கோளாறாக எடுத்துக்கொண்டு பரிவர்த்தனையையே ரத்து செய்தது. அறுவதை இயல்பாகவும் சேர்வதைத் தொடக்கமாகவும் மென்பொருளுக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. பரிவர்த்தனை முழுவதும் காசாளரின் கணினியில் இருக்கும். பேடு குழாயை விட்டு வெளியே வந்ததும் தன் எண்ணைச் சொல்லி இணையும். அதற்குப் பிறகே தொகை திரையில் தோன்றும்.

இந்த ‘தன் எண்ணைச் சொல்லி’ என்ற இடத்தில்தான் பிணைப்பு என்ற பிரச்சினை ஒளிந்திருந்தது. கம்பி இணைத்த பேடு எந்தக் கவுன்டருக்கு உரியது என்பதில் சந்தேகமே எழாது. கம்பியைத் தொட்டுப் பார்த்தால் போதும். கம்பியில்லாப் பேடுகள் மூன்று ஒரே மேசையில் கிடக்கும்போது அந்த உறுதி போய்விடுகிறது. இதைக் கருத்தாகச் சொல்லி யாரையும் நம்பவைக்க முடியவில்லை. அதனால் திறப்புக்கு முந்தைய ஒத்திகையில், ஊழியர்களே கார்களில் வந்து நிற்க, இரண்டாம் லேனின் பேடையும் மூன்றாம் லேனின் பேடையும் வேண்டுமென்றே மாற்றிப் போட்டு அனுப்பினோம். இருவரும் இயல்பாகக் கையெழுத்திட்டார்கள். யாரும் எதையும் கவனிக்கவில்லை. ஒருவருடைய பணத்துக்குக் கீழே இன்னொருவருடைய பெயர் அழகாக, தெளிவாக, சட்டப்படி செல்லக்கூடிய தோற்றத்தோடு பதிவாகிவிட்டது. அறையில் இருந்த மேலாளர்கள் அந்தப் பதிவைத் திரையில் பார்த்தார்கள். அதன்பின் யாரும் அவசரப்படுத்தவில்லை.

நாங்கள் செய்த மாற்றங்கள் எளியவை. ஒவ்வொரு லேனுக்கும் ஒரு நிறம்; பேடின் உறை, கேரியரின் வளையம், காசாளர் திரையின் ஓரம் மூன்றும் அதே நிறம். பேடு தன் லேனின் தாங்கியில் உட்கார்ந்திருந்தால்தான் அந்த லேனோடு பிணையும்; வேறு தாங்கியில் வைத்தால் பிணைப்பும் மாறிவிடும். கையெழுத்துப் பெட்டி திறப்பதற்கு முன் லேன் எண், கணக்கின் கடைசி நான்கு இலக்கங்கள், தொகை மூன்றும் பெரிய எழுத்தில் தோன்றும். வாடிக்கையாளர் ‘சரி’ என்பதைத் தொட்டால்தான் பேனா எழுதும். அந்தத் திரையில் என்ன காட்டப்பட்டது என்பதும் கையெழுத்தோடு சேர்ந்தே சேமிக்கப்படும். பிறகு யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் கணக்கு ஒத்துப்போகாதபடி கணிதக் கைரேகை ஒன்றும் அதோடு போகும். வெறும் கையெழுத்துப் படத்தை எந்தச் சீட்டிலும் ஒட்டிவிட முடியும் என்கிற அச்சத்துக்கு இதுவே பதில்.

மிச்சிகன் குளிர் தனிப் பாடம். ஜனவரியில் மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் நாட்கள் உண்டு. திரையில் உள்ள திரவப் படிகம் குளிரில் மந்தமாகிவிடும். எழுதிய கோடு சற்றுப் பிந்தித் தெரியும். எழுதியது பதியவில்லை என்று நினைத்து வாடிக்கையாளர் அதன்மேலேயே மறுபடி எழுதுவார். லித்தியம் அயான் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே உலோக லித்தியம் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். ஆகவே சார்ஜ் செய்வது எப்போதும் உள்ளேதான், பேடு அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான். குளிரில் கிடந்த பேடு வெதுவெதுப்பான அறைக்குள் வந்ததும் முத்து முத்தாக வியர்க்கும். அந்த ஈரத்தைத் துடைத்துக் காயவிட மாற்றுப் பேடு ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும். விரல் தொடுதலை மட்டும் நம்பும் திரைகள் கையுறைக்குப் பணியாது. அழுத்தத்தாலோ காந்தப்புலத்தாலோ இயங்கும் பேடுகளில் கையுறை போட்ட கையும் எழுதலாம். கருவியைத் தேர்வு செய்யும்போது விலையைவிட இதற்கே அதிக மதிப்பெண் கொடுத்தோம். கோடையில் வேறு சிக்கல். போலராய்ட் கறுப்புக் கண்ணாடி அணிந்தவர்களுக்குச் சில கோணங்களில் திரை முழுக் கறுப்பாகத் தெரியும். ‘உங்கள் கருவி செத்துவிட்டது’ என்பார்கள். பேடைச் சற்றுத் திருப்பிப் பிடிக்கச் சொன்னால் போதும்.

இத்தனையும் குறியையும் பிணைப்பையும் பற்றியவை. எண்ணம் என்பது கருவிக்குள் இல்லை. அதைக் காப்பது காசாளரின் வேலை.

பேடுகள் வந்தபின், நான் லேனில் இருந்த ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் லேனில் ஒரு கார். ஓட்டுநர் இருக்கையில் ஒரு தமிழர், பக்கத்தில் வயதான அவருடைய தாயார். கணக்கு அம்மாவின் பெயரில். மகன் மைக்கில் ஐந்நூறு டாலர் எடுக்க வேண்டும் என்றார். அடையாள அட்டை வந்தது, சரிபார்த்தேன், பேடை அனுப்பினேன். அவர் அதை அம்மாவிடம் கொடுப்பது கேமராவில் தெரிந்தது. ஓட்டுநரை மட்டுமே நன்றாகக் காட்டும் கேமரா அது. அம்மாவின் தோளும் கையும்தான் எனக்குத் தெரிந்தன. மைக்கில் தமிழில் கேட்டேன்.

“அம்மா, திரையில இருக்கிற தொகை நீங்க கேட்டதுதானா? பார்த்துட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.”

ஒரு நொடி மௌனம். பிறகு அவர் குரல் வந்தது. “இல்லையே தம்பி, நான் முந்நூறுதானே சொன்னேன்? இதுல ஐந்நூறுன்னு இருக்கு.”

மகன் உடனே, “அம்மா, டாக்டர் செலவும் இருக்கில்ல, அடிக்கடி வர வேண்டாமேன்னு சேர்த்துச் சொல்லிட்டேன்” என்றார். அவர் குரலில் கள்ளமில்லை, அக்கறைதான் இருந்தது.

“அதுக்கு அப்புறம் பார்த்துக்கலாம். இப்ப முந்நூறு போதும்” என்றார் அம்மா.

“சரிங்கம்மா, மாத்தி அனுப்பறேன்” என்றேன். புதிய தொகை திரையில் தோன்றியது. அவர் ‘சரி’யைத் தொட்டு, தமிழில் நிதானமாகக் கையெழுத்திட்டார். எங்கள் மாதிரிக் கையெழுத்து அட்டையிலும் அவருடையது தமிழிலேயே இருந்தது. எந்த மொழியில் போட்டாலும் அது கையெழுத்துதான். வங்கிக்கு அதில் தடையில்லை.

இதை நான் புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். கார் என்பது ஒருவருடைய வீட்டின் நீட்சி. அதற்குள் பேடு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று நமக்கு முழுதாகத் தெரியாது. கையெழுத்திட வேண்டியவரின் முகம் கேமராவில் தெரியாவிட்டால் அவரோடு பேச வேண்டும். பேச முடியாவிட்டால் பணிவாக உள்ளே வரச் சொல்ல வேண்டும். தொகையை ஸ்பீக்கரில் உரக்கச் சொல்லக் கூடாது. அடுத்த லேனில் இருப்பவருக்குக் கேட்கும். அதனால்தான் திரை அதைக் காட்டுகிறது, நாம் ‘பார்த்தீர்களா’ என்று மட்டும் கேட்கிறோம். முதியோரின் பணம் அவர்களுக்கு நெருக்கமானவர்களாலேயே கரைவதை வங்கியில் இருப்பவர்கள் நிறையப் பார்க்கிறார்கள். கண்ணால் பார்த்து, தொட்டு ஒப்புக்கொண்டு, பிறகு கையெழுத்திடும் அந்தச் சில நொடிகள் அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு.

கையெழுத்தின் வடிவம் மாறுவதும் ஒரு விஷயம். ஸ்டியரிங்மேல் வைத்து எழுதும் கையெழுத்து மேசையில் எழுதியதைப் போல இருக்காது. நடுக்குவாதம் உள்ளவர்களின் கோடு காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் வரும். பக்கவாதத்துக்குப் பிறகு இடது கைக்கு மாறியவர்கள் உண்டு. பேடில் விழும் கோட்டை அட்டையில் உள்ளதோடு ஒப்பிட்டு உடனே சந்தேகப்படுவதும் தவறு, பார்க்காமலே விடுவதும் தவறு. அடையாள அட்டை, பின் எண், குரல், பழக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் ஆளை அறிவது. அவசரமாகக் கிறுக்கியவரிடம், ‘இன்னொரு முறை நிதானமாகப் போடுங்கள், நாளைக்கு இது உங்களுக்குத்தான் துணை’ என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

பேடே வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. மின்னணுக் கையெழுத்தைச் செல்லும் என்று சொல்லும் ஈசைன் சட்டமே, அதை ஏற்றுக்கொள்ளும்படி தனி மனிதர் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் ஒவ்வொரு லேனுக்கும் காகிதச் சீட்டுக் கட்டு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. காகிதம் கேட்கிறவரைப் பழமைவாதி என்று நினைக்கும் காசாளர் லேனுக்கு லாயக்கில்லை.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது வங்கிகளின் கூடங்கள் மூடப்பட்டன. லேன்கள் மட்டும் திறந்திருந்தன. கார்கள் வளாகத்தைத் தாண்டிச் சாலைவரை வரிசையாக நின்றன. அதுவரை உள்ளே உட்காரவைத்துச் செய்துகொண்டிருந்த, முகவரி மாற்றம், கணக்கில் பெயர் சேர்ப்பது உட்பட்ட பல வேலைகளும் லேனுக்கு வந்துசேர்ந்தன. ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு பேடையும் பேனாவையும் கேரியரையும் ஆல்கஹால் துணியால் துடைத்தோம். வீரியமான சில கிருமிநாசினிகள் திரையின் மேற்பூச்சை மங்கவைத்தன. அதனால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பட்டியல் ஒட்டினோம். பாதுகாப்பாகக் காருக்குள்ளேயே இருந்துகொண்டு ஒரு மனிதக் குரலோடு பேசிப் பணத்தைப் பெற முடிந்ததற்காக நன்றி சொல்லிவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். அந்த மாதங்களில் என் தொழிலை நினைத்து நான் பெருமைப்பட்டேன்.

பின்னறையிலும் பலன் தெரிந்தது. அமெரிக்காவின் சீரான வணிகச் சட்டப்படி, தன் கையெழுத்து இல்லாமல் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் வாடிக்கையாளர் கணக்கு அறிக்கை கிடைத்த ஓராண்டுக்குள் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். முன்பு இத்தகைய கேள்வி வந்தால் கிடங்கில் பெட்டி பெட்டியாகச் சீட்டுத் தேட வேண்டும். நாட்கணக்கில் ஆகும். அதுவரை அவர் மனம் அமைதியாக இருக்காது. இப்போது தேதியும் தொகையும் சொன்னால் சில நிமிடங்களில் அவர் பார்த்த திரையும் போட்ட கையெழுத்தும் ஒன்றாக எழும். ‘ஆமாம், மகளின் காலேஜ் கட்டணத்துக்கு எடுத்தது’ என்று நினைவு வந்து நிம்மதியாகப் போகிறவர்கள் பலர். உண்மையிலேயே அவர் போடாத கையெழுத்தென்றால் அதுவும் அதே வேகத்தில் தெரிந்துவிடும். பணம் சீக்கிரம் அவருக்குத் திரும்பும்.

இப்போது பல வங்கிகள் குழாய்களைக் கழற்றிவிட்டு வீடியோத் திரை கொண்ட இயந்திரங்களை லேன்களில் நிறுத்துகின்றன. காசாளர் வேறு ஊரில் இருந்துகொண்டு திரையில் முகம் காட்டுவார். கையெழுத்தும் அந்த இயந்திரத்தின் திரையிலேயே. செல்போனில் விரலால் கையெழுத்திடுவது சகஜமாகிவிட்டது. அதை நான் எதிர்க்கவில்லை. முப்பது அடித் தூரம் முந்நூறு மைலாக நீளலாம். ஆனால் தூரம் நீளும்போது முதலில் தேய்வது எண்ணம்தான். செல்போனில் ‘இங்கே கையெழுத்திடுக’ என்று மஞ்சள் கட்டம் மின்ன, அதற்கு மேலே உள்ள பக்கங்களை யாரும் படிப்பதில்லை. கோடு வந்துவிட்டது என்பதற்காக ஒப்புதலும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறோம்.

இத்தகைய கருவிகளை அமைக்கும் இளைஞர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் நிறைய. அவர்களிடம் சொல்வதையே இங்கும் சொல்கிறேன். தொகையைக் கையெழுத்துக் கட்டத்தைவிடப் பெரிதாகக் காட்டுங்கள். பார்ப்பதற்கு நேரம் விடுங்கள். கட்டத்தை வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டபின் திறவுங்கள். கருவி எந்த ஆளிடம், எந்தப் பரிவர்த்தனையோடு இருக்கிறது என்பதைக் கண்ணால் சரிபார்க்க ஒரு வழி வையுங்கள். ‘இது நான் கேட்டது இல்லை’ என்று சொல்லும் பொத்தான், ‘சரி’ என்ற பொத்தானுக்குப் பக்கத்திலேயே, அதே அளவில் இருக்கட்டும். மூன்றாம் லேனில் அந்த அம்மா செய்ததைப் போல மறுத்துச் சொல்ல இடமிருக்கும் இடத்தில்தான், போட்ட கையெழுத்துக்கு மதிப்பு உண்டு.